கண்மாயில் பாய் விரிக்கும் முன்

இந்த மே மாதக் கோடை முகாமில் பறை, நாடகம், அம்பேத்கர் வாசிப்பு ஆகியவற்றோடு பாய்மரப் படகோட்டமும் இருக்கும் என்று நாங்கள் முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிறது. செய்தி கேட்ட தோழர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். போடிநாயக்கனூரில் கடல் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. வேங்கைவயலுக்கே நீதி கிடைக்காத நாட்டில் இந்த விளையாட்டு இப்போது தேவையா என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள். பதிலையும், இதுவரை நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடுகளையும் இங்கே எழுதி வைக்கிறோம். வேறு ஊர்களில் முகாம் நடத்தும் தோழர்களுக்கு உதவக்கூடும்.

பாய்மரம் ஓடக் கடல் தேவையில்லை, காற்றும் கொஞ்சம் தண்ணீரும் போதும். 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் சிறுமியர் பாய்மரப் போட்டியில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். கடலே இல்லாத மாநிலம். அவர் பழகியது போபாலின் பெரிய ஏரியில். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில் சுஹேம் ஷேக் தொடங்கிய படகுக் கழகம், ரசூல்புரா போன்ற ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகளைப் படகேற்றி தேசியப் போட்டிகள் வரை கொண்டு போயிருக்கிறது. நம் சென்னையின் நேத்ரா குமணன் இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண். அவர் இந்த விளையாட்டைத் தொட்டதே ஒரு கோடை முகாமில்தான்.

மதுரையில் இருக்கும் நண்பர் ஒருவர் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு சின்னப் படகுகளோடு ஐந்து நாள் வந்து சொல்லித் தருகிறேன் என்றார். 'ஆப்டிமிஸ்ட்' என்ற வகைப் படகு அது. ஒரு பிள்ளை உட்காரலாம். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ. உலகம் முழுக்கப் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் இதில்தான் தொடங்குகிறார்கள். 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊரில் கிளார்க் மில்ஸ் என்பவர் இதை வடிவமைத்தார். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் ஓட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் இரண்டு ஒட்டுப்பலகைக்குள் அடங்கும்படி சப்பை மூக்கோடு செய்தார். ஏழைப் பிள்ளைக்கென்று பிறந்த படகு, இந்தியாவில் கழக உறுப்பினர் அட்டை உள்ள வீட்டுப் பிள்ளைகளின் படகாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது படகின் குற்றம் இல்லை.

அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் சமூகநல உறைவிடப் பள்ளிகளை ஆர்.எஸ். பிரவீன்குமார் நடத்திய காலத்தில், 2014 மே 25 அன்று, மாலாவத் பூர்ணா என்ற 13 வயது பழங்குடிச் சிறுமியும் ஆனந்த் குமார் என்ற தலித் மாணவனும் எவரெஸ்ட் ஏறினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் வலு முன்பே இருந்தது. கயிறும் பயிற்சியும் தருவதற்கு ஒருவர் வர வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நீச்சல் யாருடைய சொத்து?

படகைப் பற்றிப் பேசுவதற்கு முன், பயிற்சியாளர் எங்களிடம் ஒன்று கேட்டார்: "எத்தனை பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும்?"

முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 24 பேர். போடி நகரத்துக் காலனிகளிலிருந்தும் மலையடிவார ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள், 10 முதல் 15 வயது. ஐந்து பையன்கள் கை தூக்கினார்கள். கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் பாறை இடுக்குகளில் குதித்துப் பழகியவர்கள். பெண்பிள்ளைகளில் ஒருவரும் கை தூக்கவில்லை.

இதைக் கேட்டதும் "நம்ம பிள்ளைகளுக்குப் பயம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம் பகுதியில் நீச்சல் எப்படிக் கற்கிறார்கள் என்று யோசித்தால் உண்மை வேறு மாதிரி இருக்கிறது. தேனி மாவட்டத்தில் நீச்சல் பள்ளிக்கூடம் என்பது தோட்டத்துக் கிணறுதான். தாய்மாமனோ சித்தப்பாவோ பிள்ளையின் இடுப்பில் கயிற்றைக் கட்டுவார். முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ இருக்கும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க, கீழே பம்புசெட் மேடையிலிருந்து தள்ளிவிடுவார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளை மிதந்துவிடும். இதற்கு வேண்டியது கிணறு. கிணற்றுக்கு நிலம் வேண்டும். பஞ்சமர்களுக்கென்று 1892 முதல் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய நிலங்கள் எப்படிக் கைமாறின என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தோடு கிணறு போனது. கிணற்றோடு நீச்சலும் போனது.

அடுத்தவர் கிணற்றில் குதித்தால் என்ன நடக்கும் என்பதை நம் பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கதையாக வைத்திருக்கிறார்கள். கழற்றி வைத்த துணியைத் தூக்கிப் போவார்கள், கல்லெறிவார்கள், அப்பனைக் கூப்பிட்டு அவமானப்படுத்துவார்கள். மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில் கிணற்றில் குளிக்கும் பையன்கள் கல்லடி பட்டுச் சாகும் காட்சியைப் பார்த்துவிட்டு, 'இப்படியுமா' என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் படிப்பகத்தில் அதைப் பார்த்த பெரியவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. 1989 சாதிக் கலவரத்தைப் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகு பிள்ளைகளை ஊர்த் தண்ணீர்ப் பக்கம் விடாமல் வளர்ப்பதே பாதுகாப்பு என்று பல அம்மாக்கள் பழகிப் போனார்கள். தண்ணீர் மீதான பயம் என்று நாம் பார்ப்பது, பெரும்பாலும் கரையில் நிற்கிறவர்கள் மீதான பயம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. ஆப்டிமிஸ்ட் படகு பிறந்த அதே ஃபுளோரிடாவில் அப்போது கடற்கரைகளே நிறவாரியாகப் பிரிந்திருந்தன. 1964 ஜூன் 18 அன்று செயின்ட் அகஸ்டின் நகரில், வெள்ளையருக்கு மட்டுமான விடுதி நீச்சல் குளத்தில் கறுப்பினப் போராளிகள் வெள்ளைத் தோழர்களோடு குதித்தார்கள். விடுதி உரிமையாளர் குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. மறுநாள் அமெரிக்க செனட் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தும் நீச்சல் தானாக வந்துவிடவில்லை. கறுப்பினக் குழந்தைகளில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் தெரியாது அல்லது மிகக் குறைவாகத் தெரியும் என்று அமெரிக்க நீச்சல் சம்மேளனத்தின் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தாத்தாவைக் குளத்தில் விடவில்லை, அதனால் அப்பாவுக்குத் தெரியாது, அதனால் மகளுக்கும் தெரியாது. விலக்கு என்பது இப்படித்தான் உடம்பில் தங்குகிறது.

எனவே மார்ச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல். எங்கள் தோழர் ஒருவரின் பெரியப்பாவுக்குச் சின்னமனூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரும் படி இறங்கும் கிணறும் இருக்கின்றன. தன் உழைப்பில் வாங்கிய நிலம். "இந்தக் கெணத்துல யாரு எறங்கலாம்னு நாந்தேன் சொல்லுவேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு எங்களுக்கும் தெரியும். முதல் இரண்டு வாரம் நீந்தவே விடவில்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடுவது, மல்லாந்து மிதப்பது, இவ்வளவுதான். மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் பயம் பாதியாகக் குறைகிறது. இப்போது 24 பேரில் 17 பேர் கிணற்றின் அகலத்தைக் கடக்கிறார்கள். மீதி ஏழு பேருக்கும் ஏப்ரல் முழுவதும் இருக்கிறது.

எந்தத் தண்ணீர்?

கிணற்றில் பாய் விரிக்க முடியாது. கண்மாய் வேண்டும். மே மாதத்தில் நம் கண்மாய்களில் பாதி கிரிக்கெட் மைதானமாகிவிடும். மீதியில் சேறு போக எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று மூங்கில் கழியோடு போய் அளந்தோம். இந்தப் படகின் அடியில் ஒரு பலகையை இறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு ஏறக்குறைய மூன்றடி ஆழம் தேவை. நெஞ்சளவுத் தண்ணீரும் சேறு குறைந்த தரையும் இருந்தால் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு நல்லது. அப்படி இரண்டு கண்மாய்கள் அமைந்தன.

கண்மாய் யாருடையது என்பதை மாணவத் தோழர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் தரும் கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மீன்பாசி உரிமை ஏலத்தில் போகும். குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்கும் உரிமைதான் உண்டு. தண்ணீரோ கரையோ அவருடையது ஆகாது. ஆனால் நடைமுறையில் பல கண்மாய்களில் குத்தகைதாரர்தான் கரையின் அதிகாரி.

முதல் கண்மாய்க்குப் போனபோது அதை நேராகவே பார்த்தோம். ஐந்து நாள் காலையில் இரண்டு மணி நேரம், வலை போடும் பக்கம் வரமாட்டோம் என்று சொன்னோம். கரையில் இருந்தவர் முதலில், "பிள்ளைங்க வெளையாட்டுத்தான, வாங்க" என்றார். பிறகு, "எந்தத் தெருப் பிள்ளைங்க?" என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீனு கலைஞ்சிரும் தம்பி, வேற எடம் பாருங்க" என்றார். தெருப் பெயர் கேட்கும் வரை மீன் கலையாமல்தான் இருந்தது.

அன்றிரவு எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம். அரசியலமைப்பின் 15-வது உறுப்பு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே சொல்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆறு, ஊற்று, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. "அங்கேயே படகை இறக்குவோம், நடப்பது நடக்கட்டும்" என்றார்கள் இளைய தோழர்கள். "பத்து வயதுப் பிள்ளையைப் போராட்டத்தின் முன்வரிசையில் நிறுத்த நமக்கு என்ன உரிமை?" என்று கேட்டார்கள் மூத்தவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

இரண்டையும் பிரித்து வைப்பது என்று கடைசியில் முடிவெடுத்தோம். முகாம் இரண்டாவது கண்மாயில் நடக்கும். அதற்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நாள், நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பொறுப்பாளர்கள் பெயர் எல்லாம் கொடுத்து, முத்திரை வைத்த அனுமதிக் கடிதம் வாங்கிவிட்டோம். காவல் நிலையத்துக்கும் நகல் போயிருக்கிறது. முதல் கண்மாய்க்காக, பெரியவர்களாகிய நாங்கள் கையெழுத்துப் போட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறோம். அந்தச் சண்டையைப் பெரியவர்கள் போடுவோம். பிள்ளைகள் இந்த மே மாதம் படகு ஓட்டட்டும். அடுத்த மே மாதம் அந்தக் கண்மாயிலும் ஓட்டுவார்கள்.

அம்மாக்கள் போட்ட நிபந்தனைகள்

எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலானோர் விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். சிலர் ஊருக்குள் ஏலக்காய்க் கடைகளில் காய் தரம் பிரிக்கிறார்கள். அதனால் பெற்றோர் கூட்டத்தை இரவு எட்டரைக்கு மேல் வைத்தோம்.

"ஏந்தம்பி, பாட்டு, நாடகம்னா அனுப்புவேன். தண்ணிக்குள்ள எறக்குறதுக்கா முகாமு?" என்றார் ஒரு அக்கா. இன்னொருவர், "பொட்டப்பிள்ள நனைஞ்சு நிக்கிறத நாலு பேரு போட்டோ எடுத்தா யாரு பதில் சொல்றது?" என்றார். நாங்கள் உரிமை பற்றித் தயாரித்து வைத்திருந்த உரையைத் தொடங்கவே இல்லை. அவர்கள் கேட்டது ஏற்பாடு பற்றி. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டோம்.

பெண்பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது நீச்சல் தெரிந்த பெண்கள் இருவராவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். துப்பட்டா, தொளதொளத்த துணி கூடாது. முழுக்கால் இறுக்க உடையும் அடர்நிற பனியனும். உடை மாற்றக் கரையில் தார்ப்பாய் மறைப்பு. மாதவிலக்கு நாளில் இறங்குவதா இல்லையா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு, காரணம் கேட்கக் கூடாது. கைபேசிகள் கரையில் ஒரு பெட்டிக்குள். படம் எடுப்பது ஒரே ஒரு தோழர், அதையும் அம்மாக்கள் பார்த்த பிறகுதான் வெளியிட வேண்டும். எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் இவ்வளவு நல்ல பட்டியலை நாங்கள் பார்த்ததில்லை.

கடைசியில் ஒருவர், "ஆனையிறங்கல் டேம்ல டூரிஸ்ட்டுக போட்ல போறத ஜீப்புலருந்து வருசக்கணக்காப் பாத்திருக்கேன். எறங்கிப் பாக்க ஒரு நாளும் நேரமில்ல. ஞாயித்துக்கெழம எங்களுக்கும் ஒரு சுத்து உண்டா?" என்று கேட்டார். முகாமின் ஐந்தாம் நாள் ஞாயிறு. ஆப்டிமிஸ்டில் பெரியவர்கள் ஏற முடியாது. பரிசல் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

பாதுகாப்பு என்றால் என்ன

நம் மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. மிதவைச் சட்டை அணியாமல் தண்ணீரில் விழுந்தவர்கள் அவர்கள். 2018 மார்ச் 11 அன்று நம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டையும் இந்த வட்டாரம் மறக்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம். 5 முதல் 14 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு இது மூன்றாவது பெரிய காரணம்.

எனவே எங்கள் விதிகள் இவை. மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, பயிற்சியாளர் உட்பட. சட்டை பிள்ளையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு மேல் ஏறக் கூடாது. ஒவ்வொரு சட்டையிலும் விசில். ஒரே நேரத்தில் இரண்டு படகு, இரண்டு பிள்ளை, இருவருக்கும் பக்கத்தில் துடுப்போடு ஒரு மீட்புப் பரிசல். இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணிக்கை. முதல் நாள் முழுக்கக் கவிழ்ப்பதே பாடம்: படகை வேண்டுமென்றே கவிழ்த்து, அதை விட்டு நீந்திப் போகாமல் பிடித்துக்கொள்ளவும், அடிப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்தவும், தண்ணீரை இறைக்கவும் பழக வேண்டும். இறைப்பதற்குப் பழைய எண்ணெய்க் கேன்களைப் பிள்ளைகளே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்நாட்டின் நான்கு பெரிய காற்றுக் கணவாய்களில் ஒன்று. மேகாத்து இறங்கத் தொடங்கிவிட்டால் பழகாத பிள்ளைக்கு ஆகாது. அதனால் முகாமை மே முதல் பாதியிலேயே வைத்துவிட்டோம். நேரம் காலை ஆறரை முதல் எட்டரை வரை. கரையில் ஒரு கொடி இருக்கும். அது விறைத்து நின்றால் அன்றைக்குப் படகு இல்லை. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எல்லோருக்கும் உண்டு, பத்து வயதுப் பிள்ளைக்கும்.

படகு வருவதற்கு முன்பே படிப்பகத் தரையில் சாக்பீஸால் கண்மாய் வரைந்து பாடம் தொடங்கிவிட்டது. காற்றுக்கு எதிரே பாய்மரம் நேராகப் போகாது, இப்படியும் அப்படியும் சாய்த்து வளைந்து வளைந்துதான் போக வேண்டும் என்று விளக்கினோம். "மனு கொடுக்கப் போற மாதிரியா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான்.

இது இப்போது தேவையா?

இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்துக்கு பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோரை நடத்திச் சென்றார். பொதுக் குளங்கள் அனைவருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாத் நகராட்சியும் ஏற்றுக்கொண்டிருந்தது. காகிதத்தில் உரிமை இருந்தது, குளத்தில் ஒரு கைகூடப் படவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காகப் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவத்தான் போகிறோம் என்பதே மகாதில் அவர் சொன்னதன் சாரம். அந்த வழக்கு முடிய 1937 ஆனது.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதற்கு எதிரான போராட்டம் தொடர வேண்டும், தொடர்வோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கும் தண்ணீருக்கும் இருக்கும் உறவு, அவமானத்தைப் பற்றிய செய்தியாக மட்டுமே இருந்துவிடக் கூடாது. குடிக்கும் தண்ணீருக்குப் போராடுகிறவர்களுக்கு மிதக்கும் தண்ணீர் ஆடம்பரம் என்று யார் முடிவு செய்தது? தேவைக்கு மேல் எதையும் கேட்காதே என்பதும் சாதி நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். சந்தோஷமாக விளையாடுவது உரிமையின் கடைசிப் படி என்று நாங்கள் நினைக்கவில்லை.

இன்னும் வேண்டியவை: சிறுவர் அளவு மிதவைச் சட்டைகள் ஆறு, நீச்சல் தெரிந்த பெண் தோழர்கள் இருவர், முதலுதவி பழகிய ஒருவர். மே மாதம் ஐந்து நாள் ஒதுக்க முடிந்தவர்கள் வாருங்கள். நீச்சல் தெரியாத தோழர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏப்ரல் ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்குக் கிணற்றடிக்கு வந்துவிடுங்கள். கயிறு இருக்கிறது, மேலே நின்று பிடித்துக்கொள்ள ஆளும் இருக்கிறது.

ஜெய் பீம்.